போர்மேன் கையெழுத்து

ஐப்பசி மழை சூரமங்கலத்தை இரண்டு நாளாக விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்த அந்தோணிமேரி, வாசலில் ஒருவன் சொட்டச் சொட்ட நிற்பதைப் பார்த்தாள். தலை, சட்டை, வேட்டி எல்லாம் தண்ணீர்... ஆனால் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்த காகித உறையில் மட்டும் ஒரு துளி படவில்லை. அதை அவன் பத்திரமாக வெளியே எடுத்தான்.

"ஏனுங்க... போர்மேன் ஊடு இதுதானுங்களா?"

இதுதான் என்றாள். அவள் அப்பா ஆரோக்கியசாமி, ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் போர்மேன். டூட்டிக்குப் போயிருக்கிறார், ஆறு மணிக்குத்தான் வருவார், என்ன விஷயம் என்று கேட்டாள்.

"ஒரு கையெழுத்து வேணுமுங்க. போர்மேன் கையெழுத்து."

தன் பெயர் ஞானதாஸ், ஆட்டையாம்பட்டியிலிருந்து வருகிறேன் என்றான். அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய காகிதம் இது, போர்மேன் கையெழுத்து இல்லாமல் பதிவு அலுவலகத்தில் வாங்கமாட்டார்கள் என்று ஊரில் பத்திரம் எழுதுகிறவர் சொல்லிவிட்டாராம். ஆட்டையாம்பட்டியில் போர்மேனுக்கு எங்கே போவது... சேலத்தில் ஒரு நூல் மில் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தானாம். அந்த போர்மேன், முன்பின் தெரியாதவனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று போய்விட்டார். கடைசியில் பஸ் கண்டக்டர்தான் வழி சொன்னார். ரயில்வேயில் ஒரு போர்மேன் இருக்கிறார், உன்னைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர், நல்ல மனிதர், கேட்டுப் பார் என்று.

அந்தோணிமேரி காகிதத்தை வாங்கிப் படித்தாள். ஆங்கிலம். மூன்று பக்கம். கடைசியில் ஒரு கோடு, அதற்குக் கீழே போர்மேன் என்று ஒரு சொல். இன்னொரு முறை படித்தாள். உதட்டோரம் துடித்தது. சட்டென்று திரும்பி இரண்டடி உள்ளே போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தாள்.

"இதுல போர்மேன்னு போட்டிருக்கிறது எங்க அப்பா இல்லை. நீங்கதான்."

"நானுங்களா? நான் எந்த மில்லுலயும் வேலை செய்யலீங்களே."

சீட்டு நடத்துகிறவருக்குப் புதுச் சட்டம் வைத்திருக்கும் பெயர் அது என்று விளக்கினாள். பெயர் வைத்தது நானில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவன் காது மடல்கள் சிவந்துவிட்டன. அப்பா காலத்திலிருந்து ஊரில் அவர்களுக்குச் சீட்டுக்காரர் வீடு என்றுதான் பெயர். போர்மேன் என்று எவனாவது கூப்பிட்டிருந்தால்தானே தெரியும்?

"என்னைத் தேடி நானே ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்... சிரிங்க, நல்லாச் சிரிங்க," என்றான். சொல்லும்போது ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தபோது ரோஷம் எங்கேயோ போய்விட்டது. பெரிய கண்கள். சிரிப்பை அடக்கி அடக்கி ஈரமாகியிருந்தன. இவ்வளவு பக்கத்தில் யாரும் தன்னைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

அவளும் அந்த ஒரு விநாடி பார்த்தாள். இமையில் மழைத்துளி தொங்க, அசட்டுத்தனமாக நிற்கிற ஒரு நல்ல முகம்... அப்புறம்தான், சிரிப்பில் கவனிக்காமல் தானே சொன்ன 'சீட்டு' என்ற சொல் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு விளக்கை அணைத்ததுபோல நின்றுவிட்டது.

"அப்போ நீங்க சீட்டுக்காரர்."

"ஆமாங்க."

காகிதத்தை எட்ட நின்று நீட்டினாள். இது போன மாதத்து ஃபாரம், மாற்றிவிட்டார்கள், புதியதை மூன்று நகல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

அவன் போகவில்லை. சாத்திய கதவைப் பார்த்து, புது ஃபாரம் எங்கே கிடைக்கும் என்று பணிவாகக் கேட்டான். கதவுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது. மெயின் ரோட்டில் டைப்பிங் கடை, காலை பத்து மணிக்குமேல். அங்கே உட்கார்ந்து டைப் அடிப்பது யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அந்தோணிமேரியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. காரணத்தின் தொகை தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.

மூன்று வருடத்துக்கு முன் ஆரோக்கியசாமி ஒரு சீட்டில் சேர்ந்தார். மாதம் ஐம்பது, இருபது மாதம். மகள் கல்யாணத்துக்கென்று கடைசிச் சீட்டாக எடுக்கக் காத்திருந்தார். பத்தொன்பது மாதம் கட்டினார். இருபதாவது மாதம் சீட்டு நடத்தியவன் வீட்டில் பூட்டுத் தொங்கியது. குமாரபாளையத்தில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முதலில் நாளைத் தள்ளிப் போடச் சொன்னார்கள்... பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் அழுதது ஒரு வாரம். அதற்குப் பிறகு வந்தது கோபம். டைப்பிங் கடைக்கு வாராவாரம் வரும் அரசாங்க கெஜட்டை அவள் விடாமல் படிக்க ஆரம்பித்தாள். சீட்டு நடத்துகிறவர்களைக் கட்டிப்போட ஒரு சட்டம் வருமா, வராதா? சட்டம் வந்தது. பதிவு செய்ய வேண்டும், ஜாமீன் காட்ட வேண்டும், கமிஷனுக்கு எல்லை உண்டு என்றது. அதன்பின் விதிகள், விதிகளுக்குத் திருத்தங்கள், திருத்தங்களுக்குத் திருத்தங்கள். ஒவ்வொன்றையும் கத்தரித்துக் கோப்பில் குத்தி வைத்தாள். ஓடிப்போனவன் அகப்படவில்லை. ஆனால் சூரமங்கலத்தில் அந்தச் சட்டத்தை அவளளவுக்குத் தெரிந்தவர்கள் வக்கீல்களில்கூடக் குறைவுதான்.

மறுநாள் பத்தேகால் மணிக்கு ஞானதாஸ் கடைக்குள் நுழைந்தான். டைப்ரைட்டருக்குப் பின்னால் அவளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். இருபத்தைந்து பேர் பணம் கட்டும் சீட்டு... கெடுவுக்குள் பதிவு செய்யாவிட்டால் கலைத்துவிட வேண்டியதுதான். ரோஷத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான்.

அவள் தலை நிமிராமல் தாளைச் சொருகினாள். கேள்விகள் கேட்டாள். அவன் பதில் சொன்னான். விசைகள் தடதடத்தன. இருபத்தேழு வயது. தகப்பனார் சவரியார், காலமாகி ஒரு வருடம். மாதம் நாற்பது ரூபாய், இருபத்தைந்து பேர், ஆயிரம் ரூபாய்ச் சீட்டு. மாதாமாதம் ஏலம். ஆயிரத்தில் யார் அதிகம் தள்ளுபடி கேட்கிறாரோ அவருக்குப் பணம். தள்ளிய தொகையில் நடத்துகிறவர் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் பங்கு. ஜூனில் தொடங்கியது, ஐந்து ஏலம் முடிந்திருக்கிறது. சொத்து என்ன? இரண்டு தறி, ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு, ஓட்டு வீடு. கடன்? கூட்டுறவுச் சங்கத்தில் நூற்று இருபது ரூபாய். ஒரு பெண்ணிடம் தன் பொருளாதாரத்தை இப்படிப் பிட்டுப் பிட்டு வைக்க நேரும் என்று அவன் நினைத்ததில்லை. ஆனாலும் ஒளிக்காமல் சொன்னான்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

விசைகள் ஒரு விநாடி நின்று மறுபடி ஓடின.

அன்று ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் நகலை எடுத்துப் படித்தான். எட்டாம் வகுப்பு ஆங்கிலம்தான், ஆனால் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாகப் போனான். வயது இருந்தது, அப்பா இருந்தார், தறி இருந்தது, கடன்கூட இருந்தது... கல்யாணம் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், ஓரக் குறிப்பு எங்கேயும் இல்லை. பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், என்ன சாமி தனியாச் சிரிக்கிறே என்று கேட்டாள். சர்க்கார் காகிதம் என்றான். சர்க்கார் காகிதத்தைப் படித்துச் சிரிக்கிறவனை அந்த அம்மாள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஜாமீன் பத்திரத்தோடு வந்தான். வேலையெல்லாம் முடிந்து காசு கொடுத்த பிறகு, ஒன்றும் தெரியாதவன்போல ஆரம்பித்தான்.

"ஏனுங்க... போன தடவை கேட்டதுல ஒரு கேள்வியை எழுதாம உட்டுட்டீங்களே."

"எந்தக் கேள்வி?"

"கல்யாணம் ஆச்சான்னு கேட்டீங்க."

அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. ஆனால் சட்டம் படித்தவள் இல்லையா? கண் இமைக்காமல் சமாளித்தாள்.

"அது பழைய ஃபாரத்துல இருந்துச்சு. புதுசுல எடுத்துட்டாங்க."

"அப்பிடிங்களா... எடுத்திருக்கக் கூடாதுங்க. நல்ல கேள்வி."

அவள் அவசரமாகத் தாளைச் சொருகினாள். அவன் படியிறங்கிய பிறகுதான் தாளைத் தலைகீழாகச் சொருகியிருப்பது தெரிந்தது.

அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன லாபமோ, இந்த இருவருக்கும் லாபம்தான். விதிகள் அடிக்கடி மாறின. மாறும்போதெல்லாம் அவன் வந்தான். ஏலம் நடந்ததற்கு நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும், இரண்டு உறுப்பினர் கையெழுத்து வேண்டும், நகல் அனுப்ப வேண்டும்... மாதம் ஒரு முறை வர அதுவே போதும். அவன் இரண்டு முறை வந்தான். இரண்டாவது முறை வரும்போது, புதுசா விதி ஏதாவது வந்திருக்கா என்பான். வந்திருக்காது. இல்லை என்று சொல்ல அவளுக்கு அரை மணி நேரம் ஆகும்.

ஆனாலும் அவள் மனசுக்குள் ஒரு பூட்டு விழுந்தே கிடந்தது. பார்க்க நல்லவன்தான், பேசவும் நல்லவன்தான். பத்தொன்பது மாதம் அந்த இன்னொருவனும் அப்படித்தானே இருந்தான்... கோயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுச் செபித்தவன். இவனுடைய ஐந்தாவது மாதமும் ஆறாவது மாதமும் எனக்கு என்ன சாட்சி? கடைசி மாதத்தில் அல்லவா தெரியும்? இப்படி நினைத்துக்கொண்டே அவன் வரும் நாளில் தலையில் பூ வைத்துக்கொண்டாள். மனசு ஒன்று சொல்ல, கை இன்னொன்று செய்தது.

கார்த்திகையில் அவன் மயிலம்மாள் என்ற அம்மாளை அழைத்து வந்தான். ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே காடு வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். புருஷன் இல்லை. கிணற்றை ஆழப்படுத்தச் சீட்டுப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறாள். நடவடிக்கைக் குறிப்பில் சாட்சியாக அவள் கைநாட்டு வேண்டியிருந்தது. ஞானதாஸ் கார்பன் தாள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அந்தோணிமேரி மெதுவாக விசாரித்தாள். சீட்டுக்காரர் எப்படி, ரசீது கொடுக்கிறாரா?

"அதெல்லாம் குடுக்குதுங்க சாமி. போன ஏலத்துல ஆளுக்கு நாலு ரூவா திருப்பிக் குடுத்துச்சு. எதுக்குன்னு கேட்டா, கமிசன்ல கூட எடுத்துப் போட்டேன்னுது. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. குடுக்கறதை வேண்டாங்கறதா?"

அந்தோணிமேரிக்கு விளங்கிற்று. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழைய வழக்கப்படி நூற்றுக்கு ஏழு எடுத்தவன், சட்டம் ஐந்து என்றதும் ஐந்து மாதத்துக்கு இருபது இருபதாக நூறு ரூபாயைப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். ஆனால் பதிவு செய்த பிறகு எடுக்கும் கமிஷனுக்குத்தானே அந்த எல்லை? முன்னால் எடுத்ததைத் திருப்பச் சொல்லி எந்தப் பிரிவும் இல்லையே? அவள் கோப்பைப் புரட்டினாள். இல்லை.

அவன் திரும்பி வந்ததும் கேட்டுவிட்டாள். சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள், முன்னால் எடுத்ததைத் திருப்ப வேண்டியதே இல்லை என்றாள். அதைத் தெரிந்துதான் கொடுத்தேன் என்றான் அவன். அந்த நூறு ரூபாய்க்கு ஒரு தறிக்கு நூல் வாங்காமல் நிறுத்தி வைத்ததையும் போகிறபோக்கில் சொன்னான்.

"சட்டம் இன்னைக்கு வந்திருக்கலாமுங்க... அவங்க பணம் நேத்தும் அவங்க பணந்தானுங்களே."

அவர்கள் இருவரும் போன பிறகு அந்தோணிமேரி வெகுநேரம் விசைகளின்மேல் விரல் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அவன்மேல் காதல் வந்தது. வந்தது என்பது அவளுக்குத் தெரியவும் தெரிந்தது. அந்தத் தெரிதல்தான் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் அப்பா. ஆரோக்கியசாமியின் வீட்டில் சீட்டு என்ற சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை. அம்மா தெரசம்மாள் பழைய துணிக்கடைச் சீட்டைக்கூடப் 'பில்லு' என்றுதான் சொல்வாள்.

பங்குனியில் ஒரு நாள், அந்தத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்க் கதையை அவள் அவனிடம் சொன்னாள். குமாரபாளையத்து மாப்பிள்ளையையும் மறைக்கவில்லை. முதல் நாள் ஏன் கதவைச் சாத்தினேன் என்பது இப்போது தெரிகிறதா என்று முடித்தாள். அன்றைக்கு அவன் விதிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் சொன்னான்.

"நான் உங்க அப்பாவைப் பாக்க வாரேனுங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. தாளைச் சொருகிக்கொண்டே இருந்தாள்.

மே மாதத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய நேரத்தில் அவன் வந்தான். பெண் கேட்கப் பெரியவர்களை அனுப்புவதுதான் முறை. அப்பா இல்லை, ஒரே அக்கா கோயமுத்தூரில், ஆகவே நானே வந்தேன் என்று வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். ஸ்தோத்திரம் சொன்னான். ஆரோக்கியசாமிக்குப் பையனைப் பிடித்துவிட்டது. தறி உண்டு, காடு உண்டு, ஊர்க் கோயில் பங்குச் சாமியார் நல்ல வார்த்தை சொல்வார். தெரசம்மாள் காப்பிக்குப் பால் கூடுதலாக ஊற்றினாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது... தறியோடு வேறு ஏதாவது தொழில் உண்டா என்று அவர் கேட்கும்வரை.

"சீட்டு நடத்தறேனுங்க ஐயா."

தம்ளரை மேசைமேல் வைத்த சத்தம் சமையலறைவரை கேட்டது. அங்கே கதவுக்குப் பின்னால் அந்தோணிமேரி நின்றாள்.

ஆரோக்கியசாமி குரலை உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. வேலையில் ஒரு திருகாணி மாற்றினால்கூடக் கையெழுத்து வாங்குகிற மனுஷன் நான் என்றார். அப்படிப்பட்டவன், பத்தொன்பது மாதம் ஒரு துண்டுக் காகிதம் கேட்கவில்லை. கோயிலில் பக்கத்தில் முழங்கால் போடுகிறவனிடம் எப்படி ரசீது கேட்பது என்று கூச்சப்பட்டேன். என் கூச்சத்துக்கு என் மகள் விலை கொடுத்தாள். இனிமேல் அந்தத் தொழிலில் உள்ளவன் யோக்கியனா இல்லையா என்று நான் ஆராயப் போவதில்லை. எனக்கு அதற்குத் தெம்பில்லை.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு தம்பி. அதனால ஒண்ணு சொல்றேன். சீட்டை விட்டுட்டு வாங்க. நாளைக்கே விட்டீங்கன்னா நாளைக்கே பேசலாம்."

கதவுக்குப் பின்னால் அந்தோணிமேரி காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை. விட்டுவிடுகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நடந்துவிடும். அவள் இரண்டு வருடமாகக் காணாத சந்தோஷம் அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை வந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் பயந்தாள். எடுத்தவர்கள் பதினோரு பேர். இன்னும் எடுக்காதவர்கள் பதினான்கு பேர். நடத்துகிறவன் நடுவில் கைகழுவினால் எடுத்தவர்கள் மீதியை ஒழுங்காகக் கட்டுவார்களா? மயிலம்மாளின் கிணறு என்ன ஆகும்? எனக்காக அவன் அந்தப் பதினான்கு பேரையும் விட்டுவிட்டால், பூட்டிய வீட்டுக்காரனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்... மாதாவே, சொல்லிவிடக் கூடாதே.

முன்னறையில் அவன் தன் தம்ளரையும் மேசைமேல் வைத்தான்.

"முடியாதுங்க ஐயா," என்றான் ஞானதாஸ். "பதினாலு பேர் இன்னும் எடுக்கலீங்க. அது முடியற மட்டும் என்னால உட முடியாது."

முடிந்த பிறகு வந்து கேட்கட்டுமா என்று கேட்டான். முடிகிற அன்றைக்கு என்ன நடக்கும் என்று பத்தொன்பது மாதம் கட்டிப் பார்த்தவனிடம் கேட்காதீர்கள் என்றார் ஆரோக்கியசாமி. அதற்குமேல் அவன் வாதாடவில்லை. தெரசம்மாளிடம், காப்பிக்கு நன்றி சொன்னான். போயிட்டு வாரேனுங்க என்று எழுந்தான். வெளியே கோடை மழை பெரிய பெரிய துளிகளாக இறங்க ஆரம்பித்திருந்தது. அவன் நிற்காமல் இறங்கி நடந்தான்.

அந்தோணிமேரி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் குடையை எடுத்தாள். ஆரோக்கியசாமி அவளைப் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் மறைத்திருக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமையானதால் குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் வீட்டில் இருந்தது. எல்லா ஜன்னலும் பார்க்க, அவள் குடையை விரித்துக்கொண்டு தெருவின் நடுவில் நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

புளிய மரத்தடியில் நின்றவன் அவளைக் கண்டதும் திகைத்தான். இங்கே ஏன் வந்தீர்கள், யாராவது பார்த்தால் என்றான். எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்றாள். குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. ஆறு மாதமாக மனசில் இருந்ததில் ஒரு வரியும் சொல்லாதவள், இப்போது நிறுத்தாமல் சொன்னாள்.

"விட்டுடறேன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் வெளிய வந்திருக்க மாட்டேன். அப்பா சரின்னாலும் நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். நீங்க முடியாதுன்னு சொன்னீங்க... அதனாலதான் வந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எத்தனை மாசம் ஆனாலும் சரி."

உண்மையை மறைக்க ஞானதாஸுக்குத் தெரியவில்லை.

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க... உட்டுடறேன்னு. உங்களை நெனச்சு."

"பிறகு ஏன் சொல்லலை?"

"சொல்லிட்டா அப்புறம் உங்க மூஞ்சியை எப்பிடிப் பாக்கறது?"

டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர், ஒரு குடைக்குள் நின்ற இருவரையும் பார்த்து, ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். இருவரும் நகரவில்லை. பஸ் போயிற்று. பஸ் மறைத்திருந்த இடத்தில், தெருவுக்கு அந்தப் பக்கம், ஆரோக்கியசாமி நின்றுகொண்டிருந்தார். குடை மகளிடம் இருந்ததால் முழுவதும் நனைந்திருந்தார். அவர் தெருவைக் கடந்து வந்தார். அந்தோணிமேரி குடையை நகர்த்தவில்லை.

அவர் மகளைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார்.

"ஓடிப்போனவன்கிட்ட நான் ஒருநாள் சொன்னேன் தம்பி... மத்தவங்களுக்கு எப்படியோ, என் பணத்தை மட்டும் முன்னாடி குடுத்துடு, பொண்ணு கல்யாணம்னு. உடனே சரின்னான். அத்தனை பேருக்கும் அப்படித்தான் சரி சரின்னு சொல்லியிருக்கான்." முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்தார். "நீங்க என்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டுப் போறீங்க... உங்க சீட்டு எப்ப முடியுது?"

"அடுத்த வருஷம் ஜூன்லீங்க ஐயா. பதினாலு ஏலம்."

"கடைசி ஆள் கையில பணம் போகணும். அதுக்கு முன்னாடி பேச்சில்லை. நான் வந்து கண்ணால பார்ப்பேன்."

"வாங்க ஐயா."

ஆரோக்கியசாமி விரல் விட்டு மாதங்களை எண்ணினார். ஜூன், ஜூலை...

"ஆகஸ்டுல மாதா திருநாள் கழிச்சுக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம்," என்றார். சொல்லிவிட்டு, மழையில் நிற்காமல் இரண்டு பேரும் சாப்பிட வரச் சொல்லித் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நடையை மெதுவாக்கினார். பின்னால் வருகிறார்களா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தோணிமேரி அழுதாள். சத்தமில்லாமல், துடைக்காமல், நன்றாக அழுதாள். ஞானதாஸ் குடைக் காம்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வாங்கும்போது விரல்கள் பட்டன. இரண்டு பேரும் விலக்கவில்லை.

"பதினஞ்சு மாசம்... ரொம்ப நாளுங்க," என்றான்.

"ரொம்ப நாள்தான்."

அவன் குரல் தழைந்தது. இத்தனை நாளில் அவளை ஏனுங்க என்பதைத் தவிர வேறு சொல்லி அவன் கூப்பிட்டதில்லை.

"அந்தோணிமேரி... நீங்க இல்லாம இனி எனக்கு முடியாதுங்க."